கோத்தகிரி லேப்டாப் கடை, அந்தத் தம்பி கட்டின லினக்ஸ், என்னோட 2 ஜிபி டப்பா: ஆறு மாசம் ஓட்டிப் பாத்தது

மொதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்ச ஆள் இல்ல. எங்கப்பா கட்டபெட்டு பக்கம் தேயிலை ஏஜென்ட், சுத்துவட்டாரத்துல இருக்கிற சின்னச் சின்ன தோட்டக்காரங்ககிட்ட பச்சை இலை எடை போட்டு எடுத்து பாக்டரிக்கு ஏத்தி அனுப்பறது, அந்த எடைக் கணக்கு அட்வான்ஸ் கணக்கு மாசக் கடைசி பட்டுவாடா எல்லாம் என் தலையில. அதுக்கு வெச்சிருந்தது என் கூடப்பொறந்தவன் பிளஸ் டூ படிக்கறப்போ கவர்மென்ட்ல குடுத்த லேப்டாப். 2 ஜிபி ராம். விண்டோஸ் 7. ஆன் பண்ணிட்டு அடுப்புல தண்ணி வெச்சு டீ போட்டு குடிச்சு டம்ளர் கழுவி வெச்சுட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சது, 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, 11 போடலாம்னா அதுக்கு குறைஞ்சது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0ன்னு ஒரு சிப்பும் வேணுமாம், நம்ம மெஷின்ல அதெல்லாம் எங்க. புதுசு வாங்கலாம்தான், இலை விலை இருக்கற இருப்புல அப்பாகிட்ட போய் அதைப் பேச எனக்கு தைரியம் இல்ல. அப்பதான் சித்தி பொண்ணு சொன்னா, கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேல படியேறிப் போனா ஒரு சின்ன ரூம்ல ஒரு பையன் பழைய லேப்டாப்புக்கெல்லாம் லினக்ஸ், அதாவது விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச ஓஎஸ், போட்டுத் தர்றான், அதுவும் அவனே கட்டினதுன்னு.

கடைப் பேரு போடல. குறையும் எழுதப்போறேன், அந்தப் பையன் பொழப்பு அது. கோத்தகிரிக்காரங்களுக்கு இந்த அடையாளமே போதும்.

போனேன். நாலு பேர் முன்னாடியே உக்காந்திருந்தாங்க, எல்லார் மடியிலயும் என்னோடது மாதிரியே ஒரு டப்பா. சார்ஜ் 350 ரூபாய், ஓஎஸ்க்கு காசு இல்ல, போட்டுக் குடுக்கற வேலைக்கும் ஒரு மாசம் சந்தேகம் கேட்டுக்கறதுக்கும்தான் காசு. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டா தனி. நான் அப்ப எஸ்எஸ்டி வேண்டாம்னுட்டேன், அது என் தப்பு, பின்னாடி வரேன்.

"நீங்களே செஞ்சதா தம்பி இது?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டு "அக்கா, நான் செடி நட்டவன் இல்ல, நான் பாட் லீஃப் பாக்டரி மாதிரி, இலை எல்லாம் டெபியன்காரங்களோடது, நான் வாங்கி சலிச்சு பாக்கெட் போடறேன் அவ்வளவுதான்"னான். பாட் லீஃப் பாக்டரின்னா சொந்தத் தோட்டம் இல்லாம வெளிய இலை வாங்கி ஓட்டறது, டெபியன்னா பல பேர் சேந்து இலவசமா குடுக்கற ஒரு பெரிய லினக்ஸ். இலை ஏஜென்ட் பொண்ணுகிட்ட இதைச் சொன்னா புரியாம போகுமா. அதுக்கப்புறம் அவன் சொன்னது எல்லாமே எனக்கு அந்தக் கணக்குலதான் மண்டையில ஏறுச்சு. 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் மொத மொதல்ல விட்ட கெர்னல், அதாவது லினக்ஸோட உள்கரு, வெறும் பத்தாயிரம் வரிதானாம், இன்னிக்கு அது கோடிக்கணக்குல வரி, அதை ஒத்த ஆளு எழுத முடியாது, எழுதவும் தேவையில்ல. ஒத்த ஆளு செய்யறது என்னன்னா எது உள்ள வரணும் எது வரக்கூடாதுன்னு முடிவு பண்றது. அந்த முடிவுலதான் ருசி இருக்கு.

எப்படிக் கட்டறேன்னு காட்டினான், வேலை கம்மியா இருந்த ஒரு மத்தியானம். டெபியன்ல லைவ்-பில்ட்னு ஒரு கருவி இருக்கு. ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல என்னென்ன பேக்கேஜ் (ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பொட்டலம்) வேணும்னு வரிவரியா பேரு, இன்னொரு எடத்துல தான் மாத்தின செட்டிங் எல்லாம், வால்பேப்பர், ஃபான்ட், கடைசியா ஓட வேண்டிய சின்னச் சின்ன ஸ்கிரிப்ட். ஒரு கமாண்ட் குடுத்தா அது இன்டர்நெட்ல இருந்து பேக்கேஜ இறக்கி ஒரு வெத்து ஃபோல்டர்க்குள்ளயே முழு சிஸ்டத்தையும் எழுப்பி, அதை ஒரே ஃபைலா அமுக்கி, பூட் ஆகற சாமான் சேத்து ஐஎஸ்ஓவா, அதாவது பென் டிரைவ்ல எழுதிக்கற ஒரே ஃபைலா துப்பிடும். வால்பேப்பர், ஃபான்ட் தவிர மொத்த ரெசிபியும் சில கேபி, அதுல இருந்து வர்ற ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 900 எம்பி. ஒவ்வொரு தடவையும் அத்தனையும் திரும்ப இறக்கினா நம்ம மலை நெட்டுக்கு விடிஞ்சிடும், அதனால ஒரு தடவை இறக்கினத லோக்கல்லயே சேத்து வெச்சுக்க ஆப்ட்-கேஷர்-என்ஜின்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கான், ரெண்டாவது தடவையில இருந்து மாறினது மட்டும் வரும்.

அமுக்கறதுலயும் ஒரு கதை. மொதல்ல எக்ஸ்இசட்ல அமுக்கிட்டு இருந்தானாம், ஃபைல் நல்லா சின்னதா வரும், ஆனா பழைய பிராசசருக்கு அதைப் பிரிக்கறதே பெரும்பாடு, எதைத் தொட்டாலும் யோசிச்சு யோசிச்சு தொறக்கும். இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாத்தினதும் ஐஎஸ்ஓ கொஞ்சம் பெருத்துச்சு ஆனா மெஷின் பறக்குது. "லைட்னா டவுன்லோட் சின்னதா இருக்கறது இல்லக்கா, தொட்டா தொறக்கணும்"னான். எனக்கு இது புடிச்சிருந்தது, ஏன்னா இந்த சைஸ் போட்டி ஒரு காலத்துல பெரிய விஷயமா இருந்திருக்கு போல. டாம் ஸ்மால் லினக்ஸ்னு ஒண்ணு 50 எம்பிய தாண்டக்கூடாதுன்னு சபதம் போட்டு வந்தது, டைனி கோர் அதுக்கும் கீழ போயிடுச்சு. 2003ல ஆஸ்திரேலியாவுல பாரி காலர்னு ஒருத்தர் ஆரம்பிச்ச பப்பி லினக்ஸ் மொத்தமா ராமுக்குள்ளயே ஏறி உக்காந்துக்கும். அந்த 50 எம்பி ஆசாமியே 2024ல திரும்ப வந்தப்போ ஒரு சிடி அளவு, 700 எம்பி கிட்ட எடுத்துக்கிட்டுதான் வந்திருக்கு. ஏன் தெரியுமா, பிரவுசர். இன்னிக்கு நெட்டுல எந்தப் பக்கத்தையாவது ஒழுங்கா தொறக்கற பிரவுசர உள்ள வெச்சாலே 50 எம்பி காலி.

சரி, ஓட்டினது எப்படி. பட்டனை அமுக்கினா முக்கால் நிமிஷத்துல டெஸ்க்டாப். கொடநாடு வியூ பாயின்ட்ல அவனே எடுத்த போட்டோ வால்பேப்பர், கீழ ஒரு பட்டை, ஓரத்துல மெனு, அவ்வளவுதான், இந்த ஜன்னல் மெனுவெல்லாம் காட்டற சாஃப்ட்வேர் பேரு ஐஸ்டபிள்யூஎம்னு சொன்னான். மினுக்கறது பறக்கறது ஒண்ணும் கிடையாது. சும்மா இருக்கறப்போ ராம் 180 எம்பி கிட்டதான் காட்டுது. கணக்கு ஷீட்டு லிப்ரே ஆபீஸ் கால்க்ல மொத தடவை தொறக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், தொறந்துட்டா எங்க 43 பேர் எடை, சாக்கு எடை கழிச்சு, அட்வான்ஸ் கழிச்சு, முக்கி முனகாம போடுது. பழைய எக்ஸல் ஃபைல் எல்லாம் தொறந்துச்சு, ஒரே ஒரு ஷீட்டுல மட்டும் கலர் மாறிப்போச்சு.

ஆனா ஃபயர்பாக்ஸ தொறந்தா கதை வேற. மூணு டேப், அதுல ஒண்ணு வீடியோ, ராம் ஒரு ஜிபியத் தாண்டிடும். அவன் இசட்ராம்னு ஒண்ணு போட்டிருக்கான், ராம்ல இருக்கறதையே அமுக்கி வெச்சு எடம் பண்றது, அதனால மூச்சு முட்டாம சமாளிக்குது, இல்லன்னா தொங்கிடும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்கன்னு நினைக்கறேன். லைட் ஓஎஸ் போட்டா பழைய லேப்டாப் புதுசு மாதிரி ஆயிடும்னு வந்து உக்காந்துக்கறாங்க. ஓஎஸ் லைட்டாதான் இருக்கு, அதுமேல ஏத்தற வெப்சைட்டு லைட்டா இல்லயே. கணக்கு எழுத, லெட்டர் அடிக்க, பாட்டு கேக்க, பேங்க் சைட்டு ஒண்ணு பாக்க இது அருமை. பசங்க ஆன்லைன் கிளாஸையும் ஓட்டிக்கிட்டு பின்னாடி பத்து டேப்பு வெக்கணும்னா 350 ரூபாயில அது நடக்காது, ராம் வாங்கிப் போடுங்க.

தமிழ் டைப்பிங் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எனக்கு முக்கியம் அதுதான், ஆளுங்க பேரு எல்லாம் தமிழ்லதான் எழுதறேன். நான் தமிழ்99ங்கற கீபோர்டு முறை பழகினவ. மொதல்ல அவன் குடுத்ததுல கீபோர்டு லேயவுட்ட மட்டும் தமிழுக்கு மாத்தி வெச்சிருந்தான். அதுல ஒரு கட்டைக்கு ஒரு எழுத்து வரும், அத்தோட சரி. தமிழ்99ல சுகமே அது இல்ல, க க-ன்னு ரெண்டு தடவை தட்டினா மொத எழுத்துக்குப் புள்ளி தானா விழுந்து க்க ஆகணும், ந-வுக்கு அடுத்து த தட்டினா ந்த ஆகணும். அது ஆகல. "அப்பண்ணன்" அடிக்கறதுக்குள்ள மூணு தடவை புள்ளிக் கட்டைய தேட வேண்டியிருந்துச்சு. மறுநாளே போய் சண்டை போட்டேன். அவன் தமிழ்99 தட்டறவன் இல்ல, ஃபொனெட்டிக் ஆள் (இங்கிலீஷ் எழுத்துல தட்டினா தமிழா வர்றது), அதனால அவனுக்குத் தெரியவே இல்ல. உக்காந்து ஐபஸ், எம்17என்னு தமிழ் தட்டறதுக்கான சாஃப்ட்வேர் ரெண்டும் போட்டான், அதுக்கப்புறம் சரியா வந்துச்சு. கொஞ்சம் ராம் கூட எடுக்கும்க்கான்னு இழுத்தான், எடுக்கட்டும் தம்பின்னேன். தமிழ் ஒழுங்கா வராத லைட் ஓஎஸ வெச்சு நான் என்ன பண்றது. அடுத்த ரிலீஸ்ல எல்லாருக்கும் அதையே போட்டுட்டான், அந்த விஷயத்துல நான் இந்த ஓஎஸ்ஸுக்கு ஏதோ பண்ணியிருக்கேன்னு ஒரு பெருமை. பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் வெச்சிருக்கறவங்க அந்த ஃபான்ட்ட கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா எல்லாம் குப்பை எழுத்தாதான் தெரியும், அது லினக்ஸோட தப்பு இல்ல.

இப்ப அந்த மழை நாள் கதை. போன நவம்பர். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு பருவமழைன்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டாம், ஊட்டிக்காரங்க கூட நம்ப மாட்டாங்க. எனக்கு அவன் போட்டுக் குடுத்திருந்தது ராம்ல ஓடற மோடு. ஹார்ட் டிஸ்க் பழசு, ஆமை வேகம், அதனால சிஸ்டத்த முழுசா ராம்ல ஏத்திடறது, நாம பண்ற மாத்தத்த ஷட்டவுன் பண்றப்போ மொத்தமா டிஸ்க்ல எழுதிக்கறது. வேகம்னா வேகம். ஆனா நம்ம லேப்டாப் பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, வயரு போனா உசுரு போச்சு. அன்னிக்கு எங்கயோ மரம் விழுந்து லைன் போச்சு, காலையில இருந்து போட்ட கணக்கு பூரா காத்துல போச்சு. நான் சேவ் பண்ணினேன், பத்து தடவை சேவ் பண்ணினேன், ஆனா சேவ் ஆனது ராம்ல, கரண்டு போனா அதுல இருக்கறது அழிஞ்சுடும்! இதை அவன் எனக்கு சொன்னானா? சொன்னேன்கறான். சொல்லியிருக்கலாம், நாலு பேர் உக்காந்திருக்கற கடையில வேகவேகமா சொன்னது எனக்கு ஏறல. இந்த மாதிரி விஷயத்த வாயால சொல்லக்கூடாது, ஒரு துண்டுக் காயிதத்துல எழுதி லேப்டாப் மேலயே ஒட்டணும். நல்ல வேளை எடை நோட்டு பேனாவுல எழுதினது இருந்துச்சு, மெழுகுவத்தி வெளிச்சத்துல மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டே கணக்க பேப்பர்ல போட்டேன்.

திட்டினது வீண் போகல. போய் கத்தினதும் எதிர்த்துப் பேசல, "இது என் தப்புதான்க்கா, டிஃபால்ட்ட மாத்தறேன்"னான். எனக்கு எஸ்எஸ்டி போட்டு அதுலயே முழுசா இன்ஸ்டால் பண்ணிக் குடுத்தான், கூலி வாங்கல, எஸ்எஸ்டி காசு மட்டும். கால்க்ல ஆட்டோ சேவ் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாச்சு. புதுசா குடுக்கறவங்களுக்கு பேட்டரி இருக்கா இல்லயான்னு கேட்டுட்டுதான் எந்த மோடுன்னு முடிவு பண்றானாம், ராம் மோடுலயும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டிஸ்க்குக்கு எழுதற மாதிரி மாத்திட்டான். மலையில ஓஎஸ் கட்டறவன் கரண்ட நம்பிக் கட்டக்கூடாதுன்னு நான் சொன்னேன், அதை அவன் சுவத்துல எழுதி வெக்கல, ஆனா கேட்டுக்கிட்டான்.

ரிலீஸ் விடற விஷயத்துல அவன் இன்னும் கத்துக்கணும். ஓஎஸ்ஸுக்கு பேரே வைக்கல, பென் டிரைவ் மேல பேனாவுல தேதி எழுதிக் குடுக்கறான். ஏன்டா தம்பின்னா, பேரு வெச்சா ஊரெல்லாம் போன் பண்ணுவாங்கக்கான்னு சொல்றான். தேதி எழுதறதுல ஒரு நியாயமும் இருக்கு, டெபியன்காரங்க ஒவ்வொரு நாளும் எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன்ல இருந்துச்சுன்னு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்காங்க, அந்தத் தேதி தெரிஞ்சா அதே ஓஎஸ்ஸ திரும்பக் கட்டிடலாமாம். நல்ல ஐடியா. ஆனா ஒரே நாள்ல காலையில ஒண்ணு, சாயங்காலம் வைஃபைய சரி பண்ணி இன்னொண்ணு கட்டி ரெண்டுக்கும் ஒரே தேதி எழுதினா? சித்தி பொண்ணுகிட்ட காலையில கட்டினது போயிடுச்சு, வைஃபை வரல, எனக்கு சாயங்காலத்துது, வருது. ரெண்டும் ஒண்ணுதான்னு அவனே அரை மணி நேரம் தலைய சொறிஞ்சான். அப்புறம் ஷா256ன்னு, ஃபைலுக்கு கைரேகை மாதிரி வர்ற ஒரு நீள நம்பர் போட்டுப் பாத்தாத்தான் ரெண்டும் வேற வேறன்னு தெரிஞ்சது. அந்த நம்பர மொதல்லயே ஒரு சீட்டுல அடிச்சுக் குடுத்திருக்கலாம்ல? தேயிலை மூட்டைக்கே லாட் நம்பர் போடறாங்க.

அந்த வைஃபை மேட்டரும் சும்மா இல்ல. பழைய லேப்டாப்ல ஒவ்வொண்ணுல ஒவ்வொரு கம்பெனி சிப்பு, அதுக்கு ஃபர்ம்வேர்னு தனி ஃபைல் வேணும், அது ஓப்பன் சோர்ஸ் கிடையாது. முந்தி டெபியன் அதை தன்னோட டிஸ்க்ல சேக்க மாட்டேன்னு கறாரா இருந்துச்சு, 2022ல ஓட்டு போட்டு, 2023ல வந்த டெபியன் 12ல இருந்து அதுக்குன்னு தனி பிரிவு வெச்சு சேத்துட்டாங்க. அவன் கட்டறதும் 12 மேலதான். 13 வந்தாச்சே ஏன் மாறலன்னு கேட்டதுக்கு, 13ல 32-பிட்டுக்கு, அதாவது பழைய ரக பிராசசருக்கு, கெர்னலும் இல்ல இன்ஸ்டாலரும் இல்ல, கடைக்கு வர்ற குட்டி குட்டி நெட்புக் எல்லாம் 32-பிட், அவங்கள என்ன பண்றதுன்னான். ஃபயர்பாக்ஸ்காரங்களும் 145ஆவது வெர்ஷன்ல இருந்து 32-பிட் லினக்ஸுக்கு விடறத நிறுத்திட்டாங்க. 12க்கு நீண்டகால சப்போர்ட் 2028 ஜூன் வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் ஓஎஸ் ஓடும், ஆனா 32-பிட்காரங்களுக்கு பிரவுசர் அதுக்கு முன்னாடியே பழசாயிடலாம், அப்புறம் அது வெறும் கணக்கு மெஷின்தான். 32-பிட் நெட்புக் எடுத்துட்டு அங்க போறவங்க இதைத் தெரிஞ்சுட்டுப் போங்க, அவன் கேட்டா மறைக்காம சொல்லுவான், கேக்கலன்னா சொல்ல மாட்டான்.

பிரிண்டர். ஊர்ல பாதி ஆபீஸ்ல இருக்கற அந்த பழைய குட்டி லேசர் பிரிண்டர் நம்ம வீட்லயும் இருக்கு, அதுக்கு லினக்ஸ்ல டிரைவர் போட அவன் ரெண்டு நாள் மல்லுக்கட்டி தோத்துப்போனான். நான் பிடிஎஃப் ஆக்கி போன்ல அனுப்பி ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கறேன். டேலி வேணுங்கறவங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்தி வேலை பாக்கறவங்க, இந்தப் பக்கம் வராதீங்க, விண்டோஸே வெச்சுக்கோங்க.

இன்னொரு பெரிய குறை பாஸ்வேர்டு. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுக் குடுக்கறான்! மாத்திக்கோங்கன்னு வாயால சொல்றதுதான், நம்ம ஜனம் மாத்துமா? கோத்தகிரியில பாதிப் பேர் லேப்டாப்ப நான் இப்பவே தொறந்துடுவேன். மொத தடவை ஆன் பண்றப்பவே புதுசா வைன்னு கேக்கற மாதிரி வெக்கச் சொல்லி மூணு தடவை சொல்லிட்டேன், அடுத்த ரிலீஸ் அடுத்த ரிலீஸ்ங்கறான்.

காசு வாங்கறது சரியான்னு கடையில ஒருத்தர் அவனை மடக்கினாரு, ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே அதுக்கு எதுக்கு 350ன்னு. அவன் கோவிச்சுக்காம சொன்னான், அண்ணா, லினக்ஸோட ஜிபிஎல் லைசென்ஸ் காசு வாங்காதேன்னு எங்கயும் சொல்லல, வாங்கினவங்க சோர்ஸ், அதாவது மூல கோட், கேட்டா குடுத்தே ஆகணும்னுதான் சொல்லுது, இந்தாங்கன்னு அந்த ரெசிபி ஃபோல்டர பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான், டெபியனோட சோர்ஸ் எங்க கிடைக்கும்னும் எழுதிக் குடுத்தான். அவரு அதை வெச்சு என்ன பண்ணினாரோ தெரியல. ஆனா குன்னூர்ல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் அதே ஃபோல்டர வாங்கிட்டுப் போய், டைப்ரைட்டர் கீபோர்டு லேயவுட் சேத்து தனக்குன்னு ஒண்ணு கட்டிக்கிட்டாராம், அதுல வந்த ஒரு தப்ப கண்டுபிடிச்சு இவனுக்கே திருப்பி அனுப்பியிருக்காரு. எனக்கு இந்தக் கடையில ரொம்பப் புடிச்சது இதுதான்.

மார்க்கு போடணும்னா அஞ்சுக்கு மூணே முக்கால். பிரிண்டருக்கு ஒண்ணும், பாஸ்வேர்டுக்கு கால் மார்க்கும் போச்சு. அந்த மழை நாளுக்கு நான் குறைக்கல, திரும்பப் போனப்போ சரி பண்ணினான்ல. அப்பாவுக்கு வாங்கின பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, அதையும் அடுத்த மாசம் தூக்கிட்டுப் போகப்போறேன்.

போறவங்க டேட்டாவ முன்னாடியே தனி பென் டிரைவ்ல எடுத்துக்கோங்க, போட்டு முடிச்சதும் அந்த நீள நம்பர எழுதிக் கேளுங்க, பாஸ்வேர்ட அங்கயே உக்காந்து மாத்துங்க. சாயங்காலம் ஏழுக்கு மேல இருக்க மாட்டான், கடைசி பஸ்ஸப் புடிக்க ஓடிடுவான். அப்புறம் சார்ஜர். மறக்காம எடுத்துட்டுப் போங்க, நான் மறந்துட்டு அதுக்குன்னே கட்டபெட்டுக்கு ஒரு தடவை திரும்ப பஸ் ஏறினேன்.